ரம், கலர், ஒரு ஸ்பூன் உப்பு

தயாளன் பாட்டிலின் வாயில் கட்டை விரலை வைத்து அழுத்தினான். அதை மட்டும் செய்யாமல் இருந்திருந்தால் இந்த வாரம் உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமே இருந்திருக்காது.

காட்பாடியில் எங்கள் வீட்டு முன்னறை. ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டரை. சர்ச் முடிந்து வந்த அப்பா, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையும் ரெஜிமென்ட் டையுமாக நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். எதிரே மார்க்கோஸ், ஸ்பெயினிலிருந்து எங்கள் ஷூ கம்பெனிக்கு வந்திருந்த டெக்னீஷியன். மேஜைக்குப் பக்கத்தில் தயாளன், கையில் இரண்டு லிட்டர் கோலா பாட்டிலோடு (எங்கள் பக்கத்தில் இதற்குக் ‘கலர்’ என்றுதான் பெயர்). சமையலறை வாசலில் அம்மாவும் நானும்.

பாட்டில் ‘உஸ்ஸ்’ என்றது. நுரை பொங்கியது. விரலை வைத்து அடைத்ததும் நுரைக்குக் கோபம் வந்துவிட்டது. முதலில் சீலிங்குக்குப் பாய்ந்தது. அப்புறம் சுவர்க் கடிகாரத்துக்கு. கடைசியில், குறி பார்த்துச் சுட்ட மாதிரி, என் அப்பா சுபேதார் சாமுவேலின் வெள்ளைச் சட்டைக்கு.

கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மற்ற எல்லாம் நின்றுவிட்டன.

அந்த அறையில் ஒருவருக்குத் தெரியாமல் என் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தெரியாத அந்த ஒருவர் என் அப்பா.

வெந்நீர்க் கட்சி

போன வாரம் பிரியாணியைப் பற்றி எழுதியதும் அரக்கோணத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: “வெளிநாட்டுக்காரர்கள் பிரியாணியோடு என்னதான் குடிப்பார்கள்?” அரக்கோணத்து அம்மா, உங்களுக்குத்தான் இந்தப் பதில். மது வீட்டுக்கும் நாட்டுக்கும் கேடு என்ற வரியை ஆசிரியர் கீழே சின்ன எழுத்தில் போட்டுக்கொள்வார். நான் என் வேலையைப் பார்க்கிறேன்.

எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேராவது பட்டாளத்துக்குப் போய் வந்தவர்கள். மாதம் ஒரு நாள் மிலிட்டரி கேன்டீன் வாசலில் அத்தனை பேரும் கட்டைப் பையோடு வரிசையில் நிற்பார்கள். சோப்பு, ஹார்லிக்ஸ், பெட்ஷீட், கூடவே ரம். அந்த ரம் எங்கள் தெருவில் ஒரு மரியாதை. டாக்டருக்கு ஒன்று, பெரியப்பாவுக்கு ஒன்று. பாஸ்டர் வருகிறார் என்றால் மட்டும் பாட்டில் பீரோவுக்குள் போய்விடும். போகிறபோது பாஸ்டரின் பார்வையும் பீரோப் பக்கம் ஒரு தரம் போய்வரும்.

அப்பாவுக்கு ரம் என்றால் வெந்நீர். வேறு எதுவும் கிடையாது. பனிமலையில் இருந்த காலத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் மக்கை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்களாம். மக்கில் விழுந்த ரம்மில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் வெல்லம் காய்ச்சுகிற வாசனை வருமாம். சர்க்கரை ஆலையில் மிஞ்சுகிற கரும்புப் பாகிலிருந்து வடிப்பதுதானே, வராமல் என்ன செய்யும்?

“ரம்ல கலர ஊத்தறவன் பட்டாளத்துல ஒரு நாள் நின்னுருக்க மாட்டான்” என்பார். சித்தப்பா ஒரு கிறிஸ்துமஸ் அன்று அப்படி ஊற்றியதற்கு, சாப்பாடு முடியும்வரை அப்பா அவரிடம் பேசவே இல்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அப்பாவின் பிடிவாதம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு மாதம் முன்னால் நான் அவரிடம் சொன்னேன்: “அப்பா, எங்க டேனரியில ஒருத்தர் இருக்காரு. குடியாத்தம். நெசவுக் குடும்பம். எனக்குப் பிடிச்சிருக்கு.”

அப்பா டி.வி.யை அணைத்தார். “வேற சாமி, வேற ஜனம். இந்தப் பேச்சு இந்த வீட்ல இன்னொரு வாட்டி வரக்கூடாது” என்றார். மறுபடி டி.வி.யைப் போட்டார். பெயரைக்கூடக் கேட்கவில்லை.

பாய் சொன்ன வழி

நான் ஆம்பூரில் சாம்பிள் ரூமில் வேலை பார்த்தேன். காலை பாசஞ்சர் ரயிலில் போய் மாலை பாசஞ்சரில் திரும்புவேன். ஷூ கம்பெனிக்கும் அதே வளாகத்தில் தோல் பதனிடுகிற டேனரிக்கும் முதலாளி ஒருவரே. எல்லோருக்கும் அவர் ‘பாய்’தான்.

மார்க்கோஸ் மூன்று வாரம் கெஸ்ட் ஹவுஸில் தங்கினார். தோலைத் தடவிப் பார்த்தே குறை சொல்லிவிடுகிற கை. மூன்றாவது வாரம் மனிதர் வாடிவிட்டார். என்னவென்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் ஊரில் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கியூபா லிப்ரே குடிப்பார்களாம். ரம், கோலா, எலுமிச்சை. அவ்வளவுதான். அதுதான் வீட்டு ஞாபகமாம்.

பாயிடம் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“நம்ம கெஸ்ட் ஹவுஸ்ல அது வேணாம்மா. அதுக்காவ மெஹ்மான, வந்த விருந்தாளிய, பேஜார் பண்ணி அனுப்பக் கூடாது. உங்க அப்பா மிலிட்டரிதான? ஞாயித்துக்கெழம உங்க வீட்டுக்குக் கூட்டினு போ. பிரியாணி ஒரு தேக்சா நான் அனுப்பறேன். மத்தது உங்க அப்பா பாடு.”

எனக்குத் தலைக்குள் பல்பு எரிந்தது. ரம் அப்பாவிடம் இருக்கிறது. கலந்து கொடுக்க ஒரு ஆள் வேண்டுமே? டேனரியில் கெமிக்கல் கலக்குவதில் கெட்டிக்காரனான ஓர் ஆளை எனக்குத் தெரியுமே! பெயர் சொல்லாமல், ஊர் சொல்லாமல், ‘கம்பெனி கெமிஸ்ட்’ என்று வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால், அப்பா அவனை ஒரு மனிதனாக முதலில் பார்ப்பார். மற்றதெல்லாம் பிறகு.

வீட்டில் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். “மாட்னா நான் உன்ன பெத்தவளே இல்லனு சொல்லிடுவேன்” என்றார் அம்மா. சொல்லிவிட்டு, தன் கல்யாணத்துக்குப் பரிசாக வந்து இருபத்தைந்து வருஷமாகப் பெட்டியைவிட்டு வெளியே வராத லெமன் செட்டை எடுத்துக் கழுவினார். பூப்போட்ட ஜக் ஒன்று, உயரமான கிளாஸ் ஆறு.

நூறு, இருநூற்று நாற்பது, இருபது

தயாளன் சரக்கடிக்கிற ஆள் இல்லை. ஆனால் வேலை என்று கொடுத்துவிட்டால் விடமாட்டான். எங்கிருந்தோ செய்முறையைத் தேடிப் பிடித்தான். ரம் ஐம்பது மில்லி என்றால் கோலா நூற்று இருபது, எலுமிச்சைச் சாறு பத்து. அதை அப்படியே எழுதிக்கொள்வானா? மாட்டான். டேனரிக்காரனாயிற்றே!

தோல் வேலையில் எல்லாக் கணக்கும் தோலின் எடையை வைத்துத்தான். தோல் நூறு என்றால் தண்ணீர் இவ்வளவு, உப்பு இவ்வளவு, ஆசிட் இவ்வளவு என்று சதவீதத்தில் எழுதுவார்கள். ஒன்றைப் போட்டுவிட்டுப் பெரிய மர டிரம்மை இத்தனை நிமிடம் ஓட்ட வேண்டும். அப்புறம்தான் அடுத்தது. பாசஞ்சரில் என் எதிரே உட்கார்ந்து தயாளன் மண்டையைப் பிய்த்துக்கொண்டான்.

“இதுல தோல் எது எஸ்தர்?”

“இன்னாது?”

“எதோட வெயிட்ட நூறுனு வெக்கறது? ரம்மா, கலரா?”

“ரம்ம வெச்சுக்கோயேன். மூலப்பொருள் அதுதான?”

அவன் முகம் மலர்ந்துவிட்டது. டேனரியில் கணக்கு எழுதுகிற டிரம் கார்டின் பின்பக்கத்தில் எழுதினான்: ரம் 100. கோலா 240. எலுமிச்சை 20. அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது.

டிரம் வேலையில் இன்னொரு சட்டம் உண்டு. ஆசிட்டுக்கு முன்னால் உப்பு. உப்புப் போடாமல் ஆசிட்டை ஊற்றினால் தோல் தண்ணீரைக் குடித்துப் பூரியாக ஊதிவிடும். அந்த லாட்டே பாழ். புதிதாக வேலைக்கு வருபவன் முதல் நாள் கற்றுக்கொள்வதும் இதைத்தான், தூக்கத்தில் உளறுவதும் இதைத்தான்.

இந்த இடத்தில் உங்களில் சிலர் சிரிக்க ஆரம்பித்திருப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பா தயாளனை மேலும் கீழும் பார்த்து, “கெமிஸ்ட்டா? நில்லு, பாக்கறேன்” என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். தயாளனுக்கு நெற்றியில் வியர்வை. எலுமிச்சை அவன் கண்ணுக்கு முன்னால் இருந்தது. எலுமிச்சை என்றால் ஆசிட். ஆசிட் என்றால்?

மேஜையில் பச்சடிக்காக அம்மா வைத்திருந்த உப்பு டப்பா. அவன் கை தானாகப் போனது. ஒரு ஸ்பூன் உப்பு அப்படியே கலர் பாட்டிலுக்குள். நுரை கிளம்பியதும் அடுத்த பழக்கம்: டிரம்மில் எது பொங்கினாலும் உடனே மூடியை அடைப்பது. மூடி கையில் இல்லை, விரல் இருந்தது. லெதர் டெக்னாலஜியில் முதல் வகுப்பு வாங்கியவன்!

விரலுக்குப் பிறகு

மார்க்கோஸ்தான் முதலில் அசைந்தார். எழுந்து நின்று கை தட்டினார். வேறு யாரும் தட்டவில்லை.

அப்பா டையின் நுனியைப் பிடித்து மெதுவாகப் பிழிந்தார். பழுப்பாகச் சொட்டியது.

“ஏன் உப்பு போட்ட?”

தயாளன் அட்டென்ஷனில் நின்றுவிட்டான். “ஆசிட்டுக்கு முன்னாடி உப்பு போடலன்னா தோல் ஊதிடும் சார்.”

“இங்க தோல் எங்க இருக்குது?”

“இல்ல சார்.”

“அப்புறம்?”

“பயம் சார். உங்க முன்னாடி நிக்கவும் மண்ட வேல செய்யல. கை பழகுனத செஞ்சிடுச்சு.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். போச்சு, நாலு மாதமாகப் பொத்தி வைத்தது எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்பாவின் குரல் கேட்டது. அதில் நான் எதிர்பார்த்த இடி இல்லை.

“பயத்துல மண்ட நின்னுபோய், கை பழகுனத செஞ்சா அதுக்கு பேரு டிரில். இத சொல்லிக்குடுக்கத்தான் எங்கள வருசக்கணக்கா வெய்யில்ல ஓட வுட்டானுங்க.” சற்று நிறுத்தினார். “இன்னா ஒண்ணு, தப்பான இடத்துல செஞ்சிட்ட. எந்த ஊருப்பா நீ?”

நான் அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினேன், உதட்டை அசைத்தேன். வாணியம்பாடி என்று சொல், ராணிப்பேட்டை என்று சொல், எதையாவது சொல்! தயாளன் என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினான்.

“குடியாத்தம் சார்.”

“வீட்ல இன்னா வேல?”

“லுங்கி நெசவு சார். ரெண்டு தறி.”

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அம்மா சட்டென்று, “பிரியாணி ஆறிடுச்சானு பாக்கறேன்” என்று உள்ளே நழுவிவிட்டார். பெற்ற தாய்!

“சரி” என்றார் அப்பா. “விருந்தாளி ஒக்காந்துனு இருக்காரு. தெருமுனைக் கடையில வேற பாட்டில் வாங்கினு வா. மொதல்ல அந்தத் துணிய எடுத்து தரைய தொட.”

தயாளன் தரையைத் துடைத்தான், கடிகாரத்தைத் துடைத்தான், நாற்காலியின் காலையும் துடைத்துவிட்டுக் கடைக்கு ஓடினான்.

ஹவானாவில் ஒரு பட்டாளத்துக்காரன்

அந்தப் பத்து நிமிடத்தில்தான் மார்க்கோஸ் கியூபா லிப்ரேயின் கதையைச் சொன்னார். அவருடைய அரைகுறை இங்கிலீஷையும் அப்பாவின் பட்டாளத்து இங்கிலீஷையும் என் தமிழில் சொல்கிறேன்.

நூறு வருஷத்துக்கும் முன்னால் கியூபாவில் பெரிய விடுதலைச் சண்டை. கரும்புத் தோட்டத்து ஜனங்கள் வருஷக்கணக்கில் போராடினார்கள். கடைசியில் அமெரிக்காக்காரனும் உள்ளே புகுந்தான். சண்டை முடிந்து, ஹவானாவில் ஒரு மதுக்கடையில் அமெரிக்கச் சிப்பாய்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் அவர்கள் நாட்டிலிருந்து கோலா வந்து இறங்கியிருந்தது. ஒருவன் உள்ளூர் ரம்மில் அதை ஊற்றி, எலுமிச்சையைப் பிழிந்து குடித்தான். நன்றாக இருக்கவே மற்றவர்களும் கேட்டார்கள். கிளாஸைத் தூக்கி, “போர் கியூபா லிப்ரே!” என்றார்கள். விடுதலை பெற்ற கியூபாவுக்கு!

பின்னால் நான் இதைத் தேடிப் படித்தேன். அந்தக் கடையில் இருந்து கண்ணால் பார்த்தேன் என்று ஒருவர் பல வருஷம் கழித்து எழுதிக் கையெழுத்துப் போட்டாராம். கையெழுத்துப் போட்டபோது அவர் வேலை பார்த்தது ஒரு ரம் கம்பெனியில்! ஆகவே பாதியை நம்புங்கள். கோலா வருவதற்கு முன்பே, கியூபாப் போராளிகள் குடித்த இனிப்புத் தண்ணீருக்கு அதே பெயர் இருந்தது என்றும் சொல்கிறார்கள்.

பட்டாளம் என்ற சொல் வந்ததும் அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

“அதுக்கும் நூறு வருசத்துக்கு கிட்ட முன்னாடியே எங்க வேலூர் கோட்டையில சிப்பாய்ங்க எழுந்தாங்க, தெரியுமா? தொப்பியில தோல் சொருவச் சொன்னான் வெள்ளக்காரன். மாட்டேன்னுட்டாங்க.” கடைசி வார்த்தை முடிகிறபோது தயாளன் பாட்டிலோடு உள்ளே நுழைந்தான். அப்பா அவனைப் பார்த்தார். “எல்லா வம்பும் தோலாலதான் வருது” என்றார்.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். “கியூபாவுக்கு விடுதலன்னியே, யார்கிட்டருந்து விடுதல?”

மார்க்கோஸ் சிரித்தார். மார்பைத் தொட்டுக் காட்டினார். “எங்களிடமிருந்துதான். ஸ்பெயினிடமிருந்து.”

அப்பாவுக்குப் புரியவில்லை. “அப்டின்னா நீங்க தோத்தவங்க.”

“ஆமாம்.”

“தோத்ததுக்கு அவன் கொண்டாடுன சரக்க, நீ ஞாயித்துக்கெழமயான வீட்ல ஒக்காந்து குடிக்கிற?”

“ஊரே குடிக்கிறது. கோபமெல்லாம் போய்விட்டது சார், ருசி நின்றுவிட்டது. தோற்றவனும் குடிக்கலாம்” என்றார் மார்க்கோஸ்.

அப்பா நனைந்த டையைக் கழற்றி நாற்காலிக் கையில் போட்டார்.

ஊற்றும் முறை

இரண்டாவது தடவை மார்க்கோஸே சொல்லச் சொல்ல, தயாளன் செய்தான். அரக்கோணத்து வாசகி, குறித்துக்கொள்ளுங்கள். உயரமான கிளாஸ் நிறைய ஐஸ். எலுமிச்சையை அரிந்து, பாதியைப் பிழிந்து, பிழிந்த தோலையும் உள்ளே போட்டுவிட வேண்டும். நம் சின்ன எலுமிச்சையைப் பார்த்ததும் மார்க்கோஸ் குதித்தார். அவர் ஊரில் கிடைப்பது பெரிய மஞ்சள் பழமாம், கியூபாவில் போடுவது நம்முடையதைப் போன்ற மெல்லிய தோல்காரனாம்! அப்புறம் ரம். கடைசியில் கலர், கிளாஸைச் சாய்த்து ஓரமாக, அவசரப்படாமல். ஒரே ஒரு சுற்றுக் கலக்கல், போதும். டிரம் ஓட்டுவது போல ஓட்டினால் காஸ் போய்விடும்.

தயாளன் அளக்கிற கிளாஸைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து அளந்தான். மார்க்கோஸ் குடித்தார். கண்ணை மூடினார். “ரம் கறுப்பு, கியூபாவில் வெளுப்பு. பரவாயில்லை, வீட்டுக்கு வந்துவிட்டேன்” என்றார்.

அப்பா அன்றும் ரம்மில் வெந்நீரைத்தான் ஊற்றிக் குடித்தார். சாப்பிட்டார், விருந்தாளியை வாசல்வரை போய் வழியனுப்பினார். தயாளனிடம், “தரைய நல்லா தொடச்ச” என்றார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு இல்லை, அடுத்த வாரம் இல்லை, அதற்கடுத்த வாரமும் இல்லை. திட்டியிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பேன். அந்த மௌனத்தில் நான் பாதியாகிவிட்டேன்.

கேன்டீன் நாள்

அந்த மாதக் கேன்டீன் நாளன்று அப்பா கட்டைப் பையோடு வந்தார். வழக்கம்போல மேஜையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சோப்பு. டீத்தூள். ரம். அப்புறம் ஒரு இரண்டு லிட்டர் கலர் பாட்டில்.

அம்மா என்னைக் கிள்ளினார். அப்பா அந்தப் பாட்டிலைத் தானே எடுத்துப்போய் ஃபிரிட்ஜில் வைத்தார். ஃபிரிட்ஜைப் பார்த்தபடியே பேசினார்.

“எஸ்தரு, அந்த உப்புக்காரன ஞாயித்துக்கெழம வரச் சொல்லு. அவங்க அப்பா அம்மாவையும் கூட்டினு வரச் சொல்லு.”

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பாம்பு வந்துவிட்டது என்று கழியோடு ஓடி வந்தார்கள். சத்தியம்!

ஞாயிற்றுக்கிழமை மறுபடி லெமன் செட். தயாளனின் அப்பா புது லுங்கி இரண்டு கொண்டுவந்து என் அப்பாவின் கையில் கொடுத்தார். அவர் குடிப்பதில்லை, அவருக்கு வெறும் கலர். தயாளனின் அம்மாவும் என் அம்மாவும் அதற்குள் சமையலறையில் ரகசியம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தயாளன் எலுமிச்சையைப் பிழிந்தான், ரம்மை அளந்தான், கலரை ஓரமாக ஊற்றினான். அப்பா உப்பு டப்பாவைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அப்பா கலர் ஊற்றிய ரம்மை வாயில் வைத்தார். நாங்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

“எப்டி இருக்கு சார்?” என்றான் தயாளன்.

“கேவலமா இருக்குது” என்றார் அப்பா. கிளாஸைக் கீழே வைக்காமல் இன்னொரு மடக்குக் குடித்தார். “அந்த ஸ்பெயின்காரன் சொன்னது கரெக்டுதான். தோத்தவனும் குடிக்கலாம்.” அவர் கண் கலங்கியிருந்தது. என்னைப் பார்க்காமல் இருப்பதற்காகச் சீலிங்கில் இருந்த பழைய கலர்க் கறையையே பார்த்தார்.

அப்புறம் மடியிலிருந்த உப்பு டப்பாவை எடுத்தார். தயாளனிடம் நீட்டவில்லை. என்னைக் கூப்பிட்டு என் கையில் வைத்தார்.

“தோ பாரு தம்பி. இனிமே எதுல உப்பு போடறதா இருந்தாலும் என் பொண்ண கேட்டுட்டுப் போடு.”